மஞ்சள் ஏறாத குழாய்

கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மஞ்சள் ஏறவில்லை.

துளிக்கூட ஏறவில்லை என்று சொல்ல முடியாது. வடித்த கஞ்சியில் கைதவறி ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நல்ல ரத்தமாக இருந்தால் அந்நேரம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தக் குழாயில் இருந்தது என் ரத்தம்.

நல்ல கோடைக்காலம். ஆய்வுக்கூடத்தில் மின்விசிறி போடக் கூடாது. போட்டால் தராசு ஆடும். நாங்கள் கலக்கும் கரைசலுக்கு அழுகின முட்டை வாடை. எனக்குக் காலையிலிருந்தே தலைவலி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. வெயிலும் வாடையும் சேர்ந்து படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் குழாய்க்குப் பின்னால் சோரியாங்குப்பத்தில் வயலுக்கு மருந்தடிக்கிற ஆட்களின் ரத்தம் வரிசையாக நின்றது. அதைப் பார்த்தாக வேண்டும். 'நேற்று கரண்ட் போனபோது ஃபிரிட்ஜ் சூடாகியிருக்கும், கரைசல் கெட்டிருக்கும்' என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன். தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் ஆராய்ச்சி மாணவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

விஷம் படிக்கிற பெண்

போன வாரம் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நச்சியல் என்று ஒரு படிப்பா? அதில் எதைப் படித்தீர்கள்?"

எங்கள் ஊரிலும் இதே கேள்விதான். வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, வாரத்தில் பாதி நாள் டவுனில் ஒரு கிடங்கில் காவல் வேலை. "உம் பொண்ணு இன்னா படிக்குது?" என்று யாராவது கேட்டால் அவர் பெருமையாக, "வெசத்தப் பத்திப் படிக்குது" என்பார். அதோடு வந்த வரன் எல்லாம் ஓடிவிடும். ரசத்தில் எதைக் கலந்து வைப்பாளோ என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயம். அதற்காக அப்பா ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டதில்லை. அந்த வாய்க்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

நான் படித்தது இதுதான். நரம்பு சதையைப் பார்த்து 'இழு' என்று சொல்லும். சொன்ன சொல்லை உடனே அழித்துவிட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அழித்தால்தான் சதை தளரும், அடுத்த சொல்லைக் கேட்கும். வயலில் அடிக்கிற ஒரு வகைப் பூச்சிமருந்து இந்த நொதியின் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர் மாதிரி, எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நொதி வேலை செய்யாமல் போனால் கண் மங்கும், எச்சில் ஊறும், சதை துடிக்கும். அதிகமானால் மூச்சே நின்றுவிடும்.

அந்த நொதி ரத்தத்திலும் இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பை நீக்கி எடுத்த ரத்தநீர் ஒரு சொட்டில் எங்கள் கரைசலைக் கலந்தால், நொதி நன்றாக இருந்தால் குழாய் பளிச்சென்று மஞ்சளாகும். மருந்து பிடித்த நொதி என்றால் வெளிறி நிற்கும். பூச்சி சாவதும் ஆள் மயங்குவதும் ஒரே மூலக்கூறு செய்கிற வேலை என்பதை முதன்முதலாக அந்த மஞ்சளில் பார்த்த நாளில் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மலைப்பு பாதி, பயம் பாதி.

முதல் குழாய் உன்னுது

எங்கள் கைடு பாக்கியலட்சுமி மேடத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அவர் என்னைப் பாராட்டிய சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கையே அதிகம். ஆனால் அவர் வைத்த ஒரு பழக்கத்தில்தான் என் ஆராய்ச்சியே நடந்தது.

"டெய்லி மொதல் குழாய் உன்னுது" என்பார். "ஊரார் ரத்தத்தத் தொடறதுக்கு முன்னாடி உன் ரத்தத்தப் பாரு."

காரணம் இருந்தது. அந்தக் காலத்து எந்திரம் ஒரு நாள் போல் ஒரு நாள் காட்டாது. வெயில் ஏறினால் ஒரு கணக்கு, மின்சாரம் குறைந்தால் ஒரு கணக்கு. அதனால் மருந்துப் பக்கமே போகாத ஒருவரின் ரத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நான். என்னை நூறு என்று வைத்து, மற்றவர்கள் எனக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போடுவோம். எந்திரம் குறைத்துக் காட்டினால் எல்லாருக்கும் சேர்ந்துதான் குறையும், பங்கு மாறாது.

நல்ல ஏற்பாடு. அளவுகோல் நேராக இருக்கும்வரை.

ஐஸ் பிளாஸ்கும் ஒரு வாக்கும்

பாகூர்ப் பக்கம் சோரியாங்குப்பத்து ஆட்கள் எனக்கு எப்படிக் கிடைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோரியாங்குப்பத்தில் கலியபெருமாள் என்று ஒருவர். அவருக்குக் கீழே ஐந்தாறு பேர். கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்கிறதுதான் அவர்கள் வேலை. முதுகில் டேங்க், மூக்கில் துண்டு, வேறு ஒரு காபந்தும் கிடையாது. முதன்முதலில் ஊசியோடு போய் நின்றபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரத்தம் எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவ டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லண்ணே. படிச்சிக்கிட்டிருக்கேன்."

"அப்ப எங்க மேல படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவர் நீட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் நீட்டினார்கள். எனக்கு அவர்கள் கொடுத்த கைகளுக்கு நான் பதிலுக்குக் கொடுத்தது ஆளுக்கு ஒரு சோடா. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தவளக்குப்பம் கூட்ரோட்டில் மீன் விற்கும் பெண்களிடம் ஐஸ் வாங்கி பிளாஸ்கில் போட்டுக்கொள்வேன். குழாய்களை அதற்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்கு வருவேன். ஒரு தடவை கண்டக்டர், "ஐஸ் மோரா? ஒரு வாய் குடேன்மா" என்றார். "ரத்தம்" என்றேன். அதன்பின் அந்த ரூட்டில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது.

அந்தக் கோடையில் கரும்புக்குக் குருத்துப்பூச்சி விழுந்தது. நிலத்துக்காரர் ராமலிங்கம் மருந்தடிக்கச் சொன்னார். முதல் சுற்று முடிந்த அன்று கலியபெருமாளுக்குக் கண் மங்கி, வாயில் எச்சில் ஊறி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில்தான் காரணம் என்றார் ராமலிங்கம். மருந்துதான் என்றார்கள் ஆட்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாவது சுற்று. அடிப்பதா வேண்டாமா என்று பேச்சு தடித்தபோது நான் பிளாஸ்கோடு போய் இறங்கினேன்.

"இந்தம்மா பாத்து சொல்லட்டும்" என்றார் கலியபெருமாள். "மருந்து ரத்தத்துல ஏறிக்கிதுன்னா நாங்க அடிக்க மாட்டோம். இல்லன்னா அடிக்கிறோம்."

"அதுவும் சரி" என்றார் ராமலிங்கம். "படிச்ச பொண்ணு. யார் பக்கமும் பேசாது."

ஒரு மனிதனின் மூச்சு என் குழாயை நம்பி நிற்கிறது என்பது எனக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை. என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறார்களே என்ற சந்தோஷம்தான் முன்னால் வந்தது.

ஒன்றுமில்லை

இப்போது மஞ்சள் ஏறாத குழாய்க்குத் திரும்புகிறேன்.

அன்று என் ரத்தமும் வெளிறி நின்றது, அவர்கள் ரத்தமும் வெளிறி நின்றது. கரைசல் கெட்டதால் எல்லாருக்கும் சேர்ந்து குறைந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். என்னை நூறாக வைத்துப் பங்கு போட்டேன். கலியபெருமாள் எனக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தார். மற்றவர்களும் அப்படியே.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். "மருந்து ஏறலண்ணே. ரத்தம் என் ரத்தம் மாதிரியே இருக்கு."

"அப்ப வெயிலுதானா?" என்றார் கலியபெருமாள்.

"அப்படித்தான் இருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். ராமலிங்கம் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். நன்றாகக் குடித்துவிட்டு வந்தேன்.

வேதமூர்த்தியின் கை

திங்கட்கிழமை காலை. என்னோடு ஆராய்ச்சி செய்த வேதமூர்த்தி மேல் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு எரிச்சல் உண்டு. சொல்லாமல் மற்றவர் கரைசலை எடுத்துக்கொள்வான். அன்றும் என் பாட்டிலிலிருந்து ஊற்றி, தன் ரத்தநீரை விட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, அது கெட்டுப்போன கரைசல். வேற கலக்கிக்க" என்றேன்.

"கெட்டுப்போச்சா? யார் சொன்னா?" என்று குழாயைத் திருப்பிக் காட்டினான்.

குழாய் எலுமிச்சம்பழமாக நின்றது.

அதே பாட்டிலிலிருந்து ஊற்றி, பக்கத்திலேயே இன்னொரு குழாயில் என் ரத்தநீரை விட்டேன். அவன் குழாய் மஞ்சள். என் குழாய் கஞ்சி.

"ஜெயராணி, நீ எப்ப வயல்ல மருந்தடிச்ச?" என்றான் வேதமூர்த்தி. கிண்டலாகத்தான் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவன் முகமும் மாறிவிட்டது.

கரைசல் கெடவில்லை. கெட்டது அளவுகோல். என் ரத்தத்தில் மருந்து இருந்திருக்கிறது. மருந்து ஏறிய என்னோடு ஒப்பிட்டுத்தான் மருந்து ஏறிய கலியபெருமாளை 'ஒன்றுமில்லை' என்று அனுப்பியிருக்கிறேன்.

மேடம் வந்தார். முதலில் என்னை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க வைத்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வந்ததும் வேதமூர்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னை நூறா வச்சிக்க" என்றான். "எவ்வளவு வேணுமோ எடு."

அவனுக்கு ஊசி என்றால் ஆகாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் திருடிய பாட்டில்கள் அத்தனைக்கும் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. இன்றுவரை அவனுக்கு நான் கடன்பட்டவள்தான்.

ஃபிரிட்ஜில் இருந்த சோரியாங்குப்பத்து ரத்தநீர் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் குறைந்திருந்தது. கலியபெருமாளுக்குப் பாதிக்கும் கீழே.

"உன் நோட்டுல நீ திருவிழாவுக்குப் போற வரைக்கும் உன் குழாய் மஞ்சள்தான். அதுக்கப்புறம் எடுத்தது எல்லாத்தையும் அடிச்சுடு" என்றார் மேடம். "அவங்களுக்கு நாளைக்கு வேலையா?"

"ஆமா மேடம். காலையில."

"அப்ப இங்க ஏன் நின்னுட்டிருக்க?"

வேப்பெண்ணெய்

அன்று கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும் சோரியாங்குப்பத்துக்கு இருட்டில் போய்ச் சேர முடியாது. காலையில் முதல் பஸ்தான். ராத்திரி தங்க ஊரில் எங்கள் வீட்டுக்குப் போனேன். மேடம் சொன்ன 'திருவிழா' என்ற சொல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாதா தேருக்காக நான் ஊருக்குப் போனது வாஸ்தவம். போனபோது என் தலையில் பேன் இருந்ததும் வாஸ்தவம். தேருக்கு முதல் நாள் செசிலி அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, துணி கட்டி, சீயக்காய் போட்டு அலசிவிட்டாள்.

அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, தேருக்கு மொத நாளு என் தலையில இன்னா தேச்ச?"

"வேப்பெண்ண."

"வேப்பெண்ண மட்டுமா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொல்லையில மருந்தடிச்ச மீதிய பக்கத்து வூட்டுல மூடியில ஊத்திக் குடுத்தாங்க. கொஞ்சூண்டு கலந்தேன். ஊர்ல எல்லாருந்தான் வெக்கிறாங்க. உன்கிட்ட சொன்னா வுட்டிருப்பியா? பேனு போச்சா இல்லியா?"

"போச்சு."

"அப்பறம் இன்னாடி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. வருஷக்கணக்காக எந்த மூலக்கூறின் பின்னால் அலைகிறேனோ, அதை என் அக்கா என் தலையில் தேய்த்து, வேப்பெண்ணெய் வாடையில் எனக்கே தெரியாமல் ஆக்கிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். முழுசும் சொல்லி முடிப்பதற்குள் அவள் கீரையைத் தள்ளிவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஒன்னும் ஆவாதே?"

"எனக்கு ஒன்னும் ஆவாது. உன் கையால தேச்சியே, உனக்குத்தான் பாக்கணும்."

அவள் ரத்தத்தையும் பிறகு பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. அவள் வாயால் கேட்டுத்தான் எங்கள் மாதா கோயில் பங்கில் எத்தனை வீட்டில் பேனுக்கு வயல் மருந்து வைக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனேன். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே அதிலிருந்து வந்தது. தேர்வாளர்கள் அதைத்தான் அதிகம் கேட்டார்கள். அக்காவுக்கு அன்று அதெல்லாம் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த மனுசன் காத்தால டேங்க தூக்குவாரு இல்ல?"

"தூக்குவாரு."

"அப்ப வெள்ளனே எழுப்புறேன். படு" என்றாள்.

வரப்பில்

தவளக்குப்பத்தில் மாறி, பாகூரில் மாறி, ஏரிக்கரைக் காற்றில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. அன்றைக்கு என்று பார்த்து எல்லா ஸ்டாப்பிலும் ஆள். சோரியாங்குப்பத்தில் இறங்கி ஓடினேன். கரும்பு இடுப்பளவு நின்றது. மருந்து வாடை ரோட்டுக்கே வந்துவிட்டது. டிரம்மில் கலக்கத் தொடங்கியிருந்தார்கள். கலியபெருமாள் டேங்கை முதுகில் ஏற்றி வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அடிக்காதீங்க" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

ராமலிங்கம் குடையோடு வரப்பில் நின்றிருந்தார். "இன்னாம்மா, காலங்காத்தால?"

"ரத்தத்துல மருந்து இருக்குய்யா. எல்லாருக்கும். அண்ணனுக்குப் பாதிக்கு மேல போயிடுச்சு. இன்னிக்கு அடிச்சா ஆளுக்கே ஆபத்து."

"சனிக்கிழம ஒன்னும் இல்லன்னியே."

"அன்னிக்குச் சொன்னது தப்புய்யா. என் ரத்தத்த வச்சு அளந்தேன். என் ரத்தத்துலயே மருந்து இருந்திருக்கு."

"உன் ரத்தத்துல எப்படி வந்துச்சு?"

"பேனுக்கு வச்சாங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ராமலிங்கம் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பூச்சி குருத்தைத் தின்றுகொண்டிருந்தது, அவருக்கு அவர் கவலை. "சனிக்கிழம ஒன்னு சொன்ன. இன்னிக்கு ஒன்னு சொல்ற. நாளைக்கு வந்து வேற ஒன்னு சொல்லுவ. எத நம்பறதும்மா? பேனு கணக்கெல்லாம் கேட்டுக்கினு நின்னா கரும்பு நிக்குமா?"

நியாயமான கேள்வி. எங்கள் பாடத்தில் எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன். இனி நம்பினால்தான் உண்டு. எனக்குத் தெரிந்த ஜெபத்தை எல்லாம் மனசுக்குள் சொன்னேன்.

"ஏத்துங்கடா" என்றார் ராமலிங்கம்.

கலியபெருமாள் அசையவில்லை. ஒரு கை பம்பு அடிக்கும் கைப்பிடியில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு அறுந்து, புடவை முழுக்கச் சேறாக நான் நின்றிருந்த கோலத்தை அவர் அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"மொதலாளி, சரின்னு சொல்றதுக்கு யாரு வேணா வருவாங்க" என்றார். "தான் சொன்னது தப்புன்னு சொல்றதுக்கு மொத பஸ்ஸ புடிச்சு வந்துகீது பாரு. இது சொல்றத நான் நம்புறேன்."

சொல்லிவிட்டு வாரைத் தோளிலிருந்து கழற்றினார். டேங்கை வரப்பில் இறக்கி வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள்.